விருந்தாளியை அனுப்பாத நாடு

மலைகளுக்கு நடுவே கதிர்வளநாடு என்றொரு நாடு உண்டு. அந்நாட்டார் வெயிலை விருந்தாளியாகவே நடத்தினார்கள். ஏரி நீரை முகந்து மேகமாக்குவதும், காற்றைக் கிளப்பி அந்த மேகத்தை வயல்வரை ஓட்டிவருவதும் அவர்தானே. காலையில் வருபவரில் ஒரு பங்கை, சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கூரை வாசலிலேயே வணங்கித் திருப்பிவிடும். உள்ளே வந்த மிச்சத்தை, அந்தி சாய்ந்ததும் கூரைக்கதவைத் திறந்து வானத்துக்கே வழியனுப்புவார்கள். வந்ததும் போனதும் சரியாக இருந்ததால் ஊர் சுகமாகத் தூங்கியது.

புது மன்னர் மாமதியர் இதைக் கண்டு கொதித்தார். விருந்தாளியை வாசலில் திருப்புவதும் இரவில் துரத்துவதும் நாட்டுக்கே இழுக்கு என்றார். கூரைகளுக்கெல்லாம் கரி பூசப்பட்டது. கூரைக்கதவுகளை அரக்கு வைத்து அடைக்க ஓர் இலாகா பிறந்தது. அதன் தலைவராக இளவழுதி அமர்ந்தார். இளவழுதி கெட்டவர் அல்ல. உத்தியோகம் கிடைத்த பூரிப்பில் யோசிக்க மறந்தவர். முதல் கதவாகத் தன் வீட்டுக் கதவையே அடைத்து மாலை வாங்கிக்கொண்டார். சில வாரங்களில் அரக்கு உருகி வழிந்தது. யாரும் திடுக்கிடவில்லை, ஆணி அடிக்க உத்தரவு வந்தது.

இரவுகள் பகலைப் போலவே வெந்தன. ஏரி பின்வாங்கியது. மாதக்கணக்கில் வராத மழை ஒரே மாலையில் மொத்தமாகக் கொட்டி, கரையையும் இழுத்துக்கொண்டு போனது. மக்கள் முறையிட்டார்கள். இது வெப்பமல்ல, விருந்தோம்பலின் வளர்ச்சி என்று தலைமை அமைச்சர் விளக்கினார். விளக்கி முடிக்கும்வரை இருவர் அவருக்கு விசிறினார்கள். "புழுங்குகிறது" என்ற சொல்லுக்கு மறுநாள் தடை வந்தது.

அந்தக் கோடையில்தான் இளவழுதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடம்பெல்லாம் வேர்க்குரு; பால் குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. இரவு குளிராவிட்டால் குழந்தை தங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். இளவழுதியின் மனைவி மங்கையர்க்கரசி அழவில்லை.

"அடைச்சது நீங்கதானே? நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

இளவழுதி சபைக்குப் போனார். "மகாராஜா, விருந்தாளி ஒரு ராத்திரி தங்கினா பாய் விரிக்கலாம். தினம் புதுசா ஒருத்தர் வந்து, யாருமே கிளம்பலைன்னா வீட்டுக்காரன் எங்கே படுப்பான்?"

மன்னர் தாடியைத் தடவியபடி நெடுநேரம் சிந்தித்தார்.

"நியாயமான கேள்வி. இடம் போதவில்லை. ஆகவே வீட்டுக்காரர்கள் வெளியேறட்டும்."

எங்கே போவது என்று யாரோ கேட்டார்கள். இதைவிடச் சிறந்த நாட்டைத் தேடித் தூதர்கள் புறப்பட்டாயிற்று என்று அமைச்சர் அறிவித்தார்.

இளவழுதி வெட்கத்தால் குன்றிப்போய் வீடு திரும்பி ஆணையைச் சொன்னார். மங்கையர்க்கரசி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"வெளியே போகணும், அவ்வளவுதானே? எந்த வழியான்னு மகாராஜா சொல்லலையே" என்றாள். பிறகு ஏணியைச் சாய்த்தாள்.

தான் அடித்த ஆணிகளை இளவழுதியே பிடுங்கினார். பக்கத்து வீட்டிலும் ஏணி சாய்ந்தது. அன்று அந்தியில் ஊரே ராஜவிசுவாசத்தோடு கூரை வழியாக வெளியேறியது. திறந்த கதவுகள் வழியே, தேங்கிக் கிடந்த சூடும் அவர்களோடு கிளம்பி வானத்துக்குப் போனது. விடியும் முன் மெல்லிய காற்று வந்தது. குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தாயின் தோளில் தூங்கியது. இளவழுதி அதைப் பார்த்து விம்மி விம்மி அழுதார். கூரைமேல் சும்மா இருப்பானேன் என்று, பொழுது புலர்ந்ததும் எல்லாரும் சுண்ணாம்பு பூசத் தொடங்கினார்கள்.

தூதர்கள் வெகுகாலம் கழித்துத் திரும்பினார்கள். தேடாத திசையில்லை, இருப்பது இந்த ஒரு நாடுதான் என்று சொல்ல அரண்மனைக்குப் போனார்கள். கரிய கூரையின் கீழ் எல்லாக் கதவுகளும் ஆணி அடித்துக் கிடந்தன. மன்னர் விருந்தாளியுடன் இருக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது என்று உள்ளிருந்து அமைச்சரின் குரல் வந்தது. வேகவேகமாக விசிறும் சத்தமும் கேட்டது.