ஆதிமூலமும் கிருமியும்

எந்தப் பேச்சையும் நாலே கேள்வியில் பிரபஞ்சம் தோன்றிய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தக்கூடியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் மண்ணூர்பேட்டையில், எங்கள் ஃப்ளாட்டின் கீழ்வீட்டில் இருக்கிறார். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் ஆதிமூலம்.

ஒருநாள் தண்ணீர் மோட்டார் நின்றுபோய், எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார்.

"கரண்ட் ஏறி எறங்குது, அதான் காயில் எரிஞ்சிடுச்சு."

"கரண்ட்டு எங்கேர்ந்து வருது?" என்றார் ஆதிமூலம்.

"நெலக்கரிலேர்ந்து."

"நெலக்கரி?"

"பூமிலேர்ந்து."

"பூமி?"

எலெக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று மூன்று மாடிக்காரர்களும் குடத்தில் தண்ணீர் சுமந்தோம்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். அதனால் காலையில் வேனுக்காக கேட்டருகே நிற்கும்போதெல்லாம் அவருக்கு என் மேல்தான் கண்.

"டீச்சரம்மா, மீனுலேர்ந்து தவள, தவளேலேர்ந்து பல்லின்னு பசங்களுக்கு சொல்லித் தரியாமே? அதுக்கெல்லாம் முன்னாடி இன்னா இருந்துச்சு?"

"பெருவெடிப்புன்னு சொல்றாங்க."

"அது ஏன் வெடிச்சுது?"

"தெரியாது சார். அது இயற்பியல். இருக்கிற உயிர் எப்படி மாறுதுங்கறதுதான் என் பாடம். ரெண்டும் வேற வேற கேள்வி."

"பாடம் ரெண்டா இருக்கலாம்மா, ஒலகம் ஒண்ணுதானே? அஸ்திவாரமே இன்னான்னு தெர்ல, நீ மூணாவது மாடிக்கு பெயிண்ட் அட்சிகினு கீறியே!"

அதற்குள் அவர் மனைவி பேபிக்கா ஜன்னலிலிருந்து குரல் கொடுப்பார். "யோவ், அதுக்கு ஸ்கூலுக்கு நேரமாவுது, வுடுய்யா. வந்து தோசையத் துன்னு." ஆதிமூலம் எதிர்க்கேள்வி கேட்காமல் கீழ்ப்படிந்த ஒரே குரல் அது.

காய்ச்சலின் மூலத்தை மட்டும் அவர் விசாரித்ததே இல்லை. பேபிக்காவுக்கு உடம்பு சுட்டால், நீர்க்கடுப்பு என்றால், நேரே தெருமுனை மெடிக்கல் ஷாப். எப்போதும் அதே ஆன்டிபயாடிக் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார். "டாக்டரைப் பாருங்க சார்" என்று சொல்லிப் பார்த்தேன். "காச்சல்தான் வுட்டுச்சே, இன்னாத்துக்கு?" என்பார்.

போன ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் விடவில்லை. பேபிக்காவுக்குப் பேச்சு குழறியது. நானும் அவருமாக ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்த்த பிறகும் குணம் தெரியவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண்.

"சிறுநீர்ப் பாதையில வந்த கிருமி ரத்தத்துக்குப் போயிடுச்சு. வழக்கமா குடுக்கற மருந்துக்கு அது சாகல. மருந்துக்குத் தப்பிச்ச கிருமிங்க மட்டும் பெருகியிருக்கு."

"அந்தக் கிருமி மொத மொதல்ல எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் ஆதிமூலம். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

டாக்டர் கோபிக்கவில்லை. "உலகத்துல முதல் கிருமி எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியலன்னாலும் இது மாறினது மாறினதுதான். வேற மருந்து இருக்கு, இப்பவே ஆரம்பிக்கிறோம். இதுக்கு முன்னாடி அடிக்கடி ஏதாவது மாத்திரை போட்டாங்களா?"

ஆதிமூலம் மாத்திரையின் பெயரைச் சொன்னார். டாக்டர் அவரைத் திட்டவில்லை. "இனிமே அப்படிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் வாங்கி வந்த டீ அவர் கையிலேயே ஆறியது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நான்தாம்மா. சாவாத கிருமியா பாத்துப் பாத்து ஊட்லயே வளத்துகினு இருந்தது நான்தான்."

'அப்படியெல்லாம் இல்லை சார்' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மருந்துக்குத் தப்பியது பெருகும் என்பதைத்தான் பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பாடமாக நடத்துகிறேன். ஆறிய டீயை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

புது மருந்துக்குக் கிருமி பணிந்தது. எலும்பும் தோலுமாக வீடு திரும்பிய பேபிக்காவுக்கு அவரே கஞ்சி வைத்தார். ஒரு வாரம் கழித்துப் படியேறி வந்து, என் வீட்டு வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, அந்த வெடிப்பு மேட்டரை அப்பால பாத்துக்கலாம். அது எப்போ வெடிச்சிருந்தா இன்னா, கிருமி சொம்மா இருக்க மாட்டேங்குதே. அது எப்டி மாறுதுன்னு மட்டும் சொல்லு."

சொன்னேன். குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டுக்கொண்டார். எனக்குத்தான் அது பொறுக்கவில்லை.

இப்போது சாயந்திரமானால் அவர் மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கிறார். மாத்திரை கேட்டு வருகிறவர்களை மறிக்கிறார். "டாக்டர் சீட்டு கீதா? இல்லியா? அப்போ வாணாம் நைனா, மொதல்ல டாக்டராண்ட போ." நேற்று கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "டீச்சர், யாவாரமே கெட்டுப்போச்சு. இவர இட்னு போங்க, புண்ணியமாப் போவும்."

நான் அழைத்துக்கொண்டு போகவில்லை. கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் நின்றேன்.