ஓட்டமும் உறக்கமும்: ஓர் ஆலை அறிக்கை

தொழிலாளியின் உழைப்பைப் பற்றிக் கவலைப்பட்ட முதலாளிகள் உலகத்தில் ஏராளம். தொழிலாளியின் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே உத்தமர், நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசு ஆலை அதிபர் அய்யாதுரைதான்.

சென்னையில் ஒரு ‘நலவாழ்வுக் கருத்தரங்கு’க்குப் போனவர், தூக்கத்தை அளக்கும் கடிகாரத்தோடு திரும்பினார். சாயங்காலம் உடம்பை வருத்தினால் ராத்தூக்கம் கெடுமாம்; தூக்கம் கெட்டால் கை நடுங்குமாம். வெடிமருந்து அடைக்கிற கை நடுங்கலாமா? தொழிலாளருக்கு எந்த நேரத்து உடற்பயிற்சி உகந்தது என்று ஆராய்ந்து அறிக்கை தரும்படி மேனேஜர் சீனிவாசகத்துக்கு உத்தரவு பிறந்தது.

முப்பது வருஷ சர்வீஸில் சீனிவாசகம் ஆராய்ந்தது வருகைப் பதிவேட்டை மட்டுமே. மகள் வேல்விழியோடு ஒரே அறையில் மருந்து அடைக்கும் மாரித்தாயிடம் போய் நின்றார்.

“ஏத்தா, நீங்க உடற்பயிற்சி எதுவும் செய்றீகளா?”

“ஜீப்பு வந்தா ஓடுறோம்லய்யா.”

உண்மைதான். அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். சீசனில் பதினொரு பேர் என்பது ‘நடைமுறை’. சோதனைக்கு வரும் அதிகாரியின் ஜீப் வாசலில் தெரிந்ததும், மீதி ஏழு பேர் பின்பக்கமாகக் கருவேலங்காட்டுக்கு ஓடுவார்கள். செலவில்லாத பயிற்சி. ஒரே குறை, ஜீப் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. அது விஞ்ஞானத்துக்கு விரோதம்.

‘தொழிலாளர் நலன் கருதி’ காலை எட்டு மணிக்கு வருமாறு சீனிவாசகம் அதிகாரியைப் பணிவுடன் கேட்டுக்கொண்டார். அதிகாரியும் தங்கமான மனுஷர். அன்றுமுதல் செவ்வாய்க்கிழமைதோறும் எட்டு மணிக்கு ஜீப். ஜீப் வந்தால் ஓட்டம்.

ஒரு மாதம் கழித்து, தூக்கம் எப்படி என்று மாரித்தாயிடம் விசாரித்தார்.

“ஓடுற அன்னைக்குக் கொஞ்சம் கண்ணு அசரும்யா. எம்மக ஒரு மணி நேரமாச்சும் காட்டுக்குள்ள பத்திரமா நின்னாளேன்னு இருக்கும். மத்த நாள்ல தூக்கமே கிடையாது. மருந்து பத்திக்கிட்டா எப்படி ஓடுவா? அவளுக்கும் வாசலுக்கும் நடுவுல எட்டுப் பேரு உக்காந்திருக்காக.”

சீனிவாசகம் அந்த எட்டுப் பேரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு போய் எழுதினார்: “உடற்பயிற்சி இல்லாத நாட்களில் தொழிலாளருக்குத் தூக்கம் வருவதில்லை. வாரம் இருமுறை ஜீப் வர ஆவன செய்யலாம்.” அன்றிரவு அவருக்கும் தூக்கம் வரவில்லை.

முதலாளி அறிக்கையைப் படித்து, மகிழ்ந்து, கையெழுத்திட்டு, எட்டு மணி நேரம் தூங்கினார். கடிகாரமே சாட்சி. எந்த நேரத்திலும் ஓடாமல் அந்த ஆலையில் நிம்மதியாகத் தூங்குகிறவர் அவர் ஒருவர்தான்.