மாமனாருக்கு என்ன வாங்கலாம்னு ஊரக் கேட்ட கத

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலதாங்க. டவுனுக்குப் போயி மாமனாருக்கு கிறிஸ்மஸுக்கு ஒரு சாமான் வாங்கணும். அவ்வளவுதான்.

கேக்க லேசா இருக்குதில்ல? எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு.

மொதல்ல மாமனாரப் பத்தி சொல்லிடுறேன். பேரு அந்தோணி. ரப்பர் தோட்டத்துல கங்காணியா இருந்து ரிட்டயரானவரு. அவரு மக ஸ்டெல்லாவ நான் காதலிச்சு, சர்ச்சும் இல்லாம கோயிலும் இல்லாம, ரெஜிஸ்டர் பண்ணி கட்டிக்கிட்டேன். அன்னையிலருந்து ரெண்டு வருசமா மனுசன் என்கூட ஒரு வார்த்த பேசல. ரோட்டுல என்னையக் கண்டா அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு. அவரு மொகத்தவிட முதுகுதான் எனக்கு நல்ல பழக்கம்.

இந்த வருசம்தான் மாமியார் போன் பண்ணி, "கிறிஸ்மஸுக்கு ரெண்டு பேரும் வாங்க. அவரு வேணாம்னு சொல்லல"ன்னாங்க.

வேணாம்னு சொல்லல! அன்னைக்கு எங்க வீட்டுல பாயாசமே வச்சோம்.

நேத்து காலையில ஸ்டெல்லா கார்மண்ட் தையல் வேலைக்குக் கெளம்பும்போது சொன்னா: "இங்க பாருங்க, வெறுங்கையோட போக ஏலாது. அப்பாவுக்கு நல்லதா ஒன்னு வாங்கி வைங்க. இதையும் சொதப்புனீங்கன்னா அவரு இனி இந்த ஜென்மத்துல திரும்பிப் பாக்க மாட்டாரு."

"என்ன வாங்குறது?"

"அதையும் நானே சொல்லணுமா? நீங்களா யோசிச்சு வாங்குங்க. ஊரு பூரா கேட்டுக்கிட்டுத் திரியாதீங்க. வெளங்குதா?"

பொண்டாட்டி பேச்சத் தட்டாத புருசன்ங்க நான். அவ பஸ் ஏறுற வரைக்கும் ஒருத்தரையும் கேக்கல.

நான் என்ன செய்றது சொல்லுங்க? ஒரு கிலோ உருளக்கெழங்கு வாங்குறதுன்னாலும் பக்கத்துல நிக்கிற ஆளுகிட்ட "இது நல்லாருக்குமா?"ன்னு கேட்டாத்தான் எனக்கு கை நீளும். பொறந்ததுலருந்து அப்பிடித்தான்.

நான் த்ரீவீல் ஓட்டுறவன். ஸ்டேண்ட்ல எனக்குப் பின்னாடி நிக்கிறவன் செல்வம். அவன்கிட்ட மெதுவா ஆரம்பிச்சேன்.

"இதுக்கா மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? நல்லதா ஒரு போத்தல் குடு மச்சான். பேசாத மனுசனும் பேசுவான்."

"அவரு குடிய விட்டுட்டு ஜெபக் கூட்டம் நடத்துறவருடா!"

"அப்ப அத நீ குடிச்சிட்டுப் போ. தைரியமாச்சும் வரும்."

இதோட விட்டிருந்தா தப்பிச்சிருப்பேன். "இரு, நம்ம குரூப்புல போட்டுப் பாப்பம்"னு சொல்லி, நான் வாயத் தொறக்குறதுக்குள்ள வாட்ஸ்அப்புல போட்டுட்டான். 'நம்ம ரவியோட மாமனார் அந்தோணி கங்காணிக்கு என்ன கிஃப்ட் குடுக்கலாம்?' உண்மையச் சொல்லணும்னா, அப்ப எனக்கு அவன் மேல பெரிய நன்றி.

வந்துச்சு பாருங்க பதில்! ஒருத்தன் டோர்ச்ங்கிறான். ஒருத்தன் ரைஸ் குக்கர்ங்கிறான். இன்னொரு மகராசன், "ஒன்னும் வாங்காத, போய்க் கால்ல விழு, செலவு மிச்சம்"ங்கிறான். யாரோ ஒரு புத்திசாலி, "அவருக்கு இன்னைக்கு பொறந்தநாளா?"ன்னு கேட்டான். அதுக்குக் கீழ ஒருத்தன் கேக் படம் போட்டான். அப்புறம் நிப்பாட்ட முடியல. ஹெப்பி பர்த்டே கங்காணி! நூறு வருசம் வாழ்க! கையக் கூப்பி, பூவு போட்டு, பலூன் பறக்கவிட்டு, ஒரே திருவிழா. அதுல பாதிப்பேரு அவரு தோட்டத்துக்காரங்க வேற.

சரி, பெத்தவளக் கேப்போம்னு அம்மாவுக்கு அடிச்சேன்.

"நல்ல குடையா ஒன்னு வாங்கிக் குடுப்பா."

"அம்மா, அவரு ரப்பர் தோட்டத்துக் கங்காணி. மழ பேஞ்சா பால் வெட்டு கெடையாது, வெட்டு இல்லன்னா யாருக்கும் சம்பளம் கெடையாது. அவரு வீட்டுல போயி குடைய நீட்டுனா, மழ பெய்யட்டும்னு சாபம் குடுத்த மாதிரி ஆகிடாதா?"

"அப்ப எதுக்கு என்னையக் கேட்ட?"ன்னு பட்டுன்னு வச்சிட்டாங்க.

வேற வழியில்லாம இரத்தினபுரி டவுனுக்குப் போயி ஒரு பெரிய கடைக்குள்ள நொழைஞ்சேன். உள்ள கால் வைக்க எடமில்ல. சேர்ட் பக்கம் நின்ன கடைப் பொண்ணு சிங்களத்துல கேட்டுச்சு: "என்ன சைஸ்?"

"தெரியாது."

"கழுத்து அளவு?"

"தெரியாது. முதுகு இவ்வளவு அகலம்"னு கைய விரிச்சுக் காட்டுனேன். அந்தப் பொண்ணு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிருச்சு.

பக்கத்துல ஒரு பெரியவரு கட்டுற சாரம் பாத்துக்கிட்டு நின்னாரு. வெள்ள சேர்ட்டு, நல்லா வாரின தல. பாத்தா மதிப்பான ஆளு. எங்க டவுன் பழக்கம் ஒங்களுக்குத் தெரியாதா? முன்னப் பின்னத் தெரியாத ஆளுன்னா நம்ம வாய் தானா சிங்களத்துக்குப் போயிரும். "மாத்தயா, மாமண்டிட்ட மொனவத கன்னே?"ன்னு, ஐயா, மாமனாருக்கு என்ன வாங்குறதுன்னு கேட்டேன்.

அவரும் அழகான சிங்களத்துல, "மாமண்டி எப்பிடிப்பட்ட ஆளு?"ன்னு திருப்பிக் கேட்டாரு.

அவ்வளவுதான்! ரெண்டு வருசமா அடக்கி வச்சிருந்ததெல்லாம் சிங்களத்துல கொட்டிருச்சு. தமிழ்ல சொன்னாத்தான தோட்டத்துக்குப் போய்ச் சேரும், சிங்களத்துல சொன்னா யாருக்குத் தெரியப்போவுதுங்கிற தைரியம். கங்காணியா இருந்தவரு, பிடிவாதம் புடிச்ச மனுசன், மூஞ்சிய உம்முன்னு வச்சிருப்பாருன்னு ஒன்னு விடாம சொன்னேன்.

"போன மழைக்கு நான் த்ரீவீல கிட்டக் கொண்டுபோயி நிப்பாட்டுறேன், ஏற மாட்டேன்னு கொட்டுற மழையில நடந்தே போறாரு மாத்தயா! அவருதான் அப்பிடின்னா, கூட ஒரு லூசு. அதுவும் ஏறாம, மொகம் தெரியாம தலையில சாக்கப் போட்டுக்கிட்டு அவரு பின்னாடியே நனைஞ்சிக்கிட்டுப் போகுது!"

பெரியவரு ஆ ஆன்னு ரசிச்சுக் கேட்டாரு. "அனே பாவம்"னாரு. "அப்புறம்?"னாரு. இவ்வளவு பொறுமையா என் கதையக் கேட்ட மனுசன நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல.

"டோர்ச் வாங்கவா மாத்தயா?"

"அது அவர்கிட்ட இருக்கும்."

"சாரம்?"

"அது நெறைய இருக்கும்."

என்னா ஒரு ஞானம்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பதான் அவரு போன் அடிச்சுச்சு. எடுத்தாரு.

"ஆ, சொல்லு அந்தோணி!"

தமிழ்! எங்க தோட்டத்துத் தமிழ்!

"டவுன்லதான் நிக்கிறேன்பா. என்னாது? காலையிலருந்து ஹெப்பி பர்த்டே சொல்றானுங்களா? அது ஒம் மருமயன் வேலையாத்தான் இருக்கும். இந்தா, பக்கத்துலதான் நிக்கிறான். ஆமா, நல்ல பையன்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்."

அவரு சேர்ட்டப் புடிச்சு இழுக்காத கொறையாக் கேட்டேன்:

"ஐயா... நீங்க தமிழா?"

"பிலிப்பு. ஒங்க மாமனார் ஜெபக் கூட்டத்துல பாட்டுப் பாடுறவன். அன்னைக்கு மழையில நனைஞ்சிக்கிட்டு பின்னாடி போன லூசும் நான்தான். ஒங்க மாமா ஏறாம நான் மட்டும் எப்பிடிப்பா ஏறுறது? ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தேன்."

"தெரிஞ்சே ஏங்கய்யா சிங்களத்துல பேசுனீங்க?"

"மொதல்ல நீ சிங்களப் பையன்னுதான் நெனச்சேன். கங்காணின்னதும் வெளங்கிருச்சு. ஆனா கத நல்லாப் போயிக்கிட்டு இருந்துச்சே, நடுவுல பாஷைய மாத்துனா நின்னுருமில்ல?"ன்னு சொல்லி போன என் கையில திணிச்சிட்டாரு. "பேசு."

போனக் காதுல வச்சேன். ஸ்டெல்லா சொன்னதெல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு. முடிஞ்சுது, கிறிஸ்மஸும் போச்சு, மாமனார் வீட்டு வாசலும் போச்சுன்னு நெனச்சேன்.

"மாமா..."

"எனக்கு இன்னைக்கு பொறந்தநாளாடா?"

"இல்லைங்க மாமா."

"ஒருத்தன் டோர்ச் வேணுமாங்கிறான். ஒருத்தன் வீட்டுல ரைஸ் குக்கர் இருக்கான்னு கேக்குறான். ஊரையெல்லாம் கேட்டியே, என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"நீங்கதான் பேச மாட்டீங்களே மாமா."

"கேட்டாத்தானடா பேசுறதுக்கு!"

அது கிஃப்ட்டப் பத்தி மட்டும் கேட்ட கேள்வியா, இல்ல ரெண்டு வருசத்துக்கும் சேத்துக் கேட்டதான்னு எனக்கு இன்னும் வெளங்கல.

அப்புறம் அவரே, "கறுப்பு செருப்பு. எட்டாம் நம்பர். சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போக. பழசு அந்து போச்சு"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு.

வெக்கத்த விட்டுச் சொல்றேன், நடுக்கடையில நின்னு அழுதுட்டேன். கடைப் பொண்ணு ஓடி வந்து, "சேர்ட் வாங்கலன்னா பரவால்ல, அழாதீங்க அண்ணே"ன்னு சிங்களத்துல தேத்துச்சு.

செருப்புப் பக்கம் போனேன். எட்டாம் நம்பர் கறுப்புல ரெண்டு மாதிரி இருந்துச்சு, வார் வச்சது ஒன்னு, வார் இல்லாதது ஒன்னு. பிலிப்பு ஐயா மொகத்தப் பாத்தேன். "என்னையக் கேக்காத"ன்னு கைய எடுத்துக் கும்பிட்டாரு. செல்வத்துக்கு அடிக்கலாம்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டு, ஐயாகிட்ட போன வாங்கி மாமாவுக்கே திரும்பவும் அடிச்சேன்.

"மாமா, வார் வச்சதா, இல்லாததா?"

"ஒரு செருப்பக்கூட ஒனக்கு சொந்தமா எடுக்கத் தெரியாதாடா? இந்த லட்சணத்துல எம் மகள எப்பிடிடா எடுத்த?"

ரெண்டு வருசமா வாயத் தொறக்காத மனுசன் ஒரே மத்தியானத்துல ரெண்டு தரம் ஏசிட்டாரு, கிறிஸ்மஸ் நல்லாத்தான் போகும்போல இருக்குங்க.