ஒண்ணும் ஆகாது ஆசாமி

எச்சரிக்கைப் பலகை என்று ஒன்றை முதன்முதலில் எழுதி மாட்டிய அன்றைக்கே, அதன் ஆணியில் தன் சட்டையைக் கழற்றித் தொங்கவிடும் ஓர் இனமும் பிறந்துவிட்டது. அந்த இனத்துக்கு ‘ஒண்ணும் ஆகாது ஆசாமி’ என்று பெயர் வைக்கிறேன். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தட்டுபவர், ஐந்து நாள் சாப்பிடச் சொன்ன மாத்திரைக்கு இரண்டாம் நாளே விடுமுறை கொடுத்துவிடுபவர், தேதி தாண்டிய பாலை முகர்ந்து பார்த்துவிட்டு “நல்லாத்தானே இருக்கு” என்று மனைவிக்குக் காபி போட்டுக் கொடுப்பவர், பிறகு தனக்கு மட்டும் பாலில்லாத கட்டங்காபி போதும் என்பவர், எல்லாம் அவரே.

இவரைத் துணிச்சல்காரர் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். துணிச்சல் உண்டுதான். ஆனால் அது பெரும்பாலும் அடுத்தவர் உடம்பில்தான் வேலை செய்யும்.

நாம் பார்க்கப்போகிற ஆசாமி ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஒருநாள் வெட்டும் இயந்திரத்தில் நிற்கிற தொழிலாளி வந்து சொன்னார்: “சார், கிளவுஸ் கிழிஞ்சுபோச்சு. புதுசு வேணும்.”

“இன்னிக்கு ஒரு நாளைக்கு ஓட்டுப்பா. ஒண்ணும் ஆகாது.”

“யாருக்கு சார்?”

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். அதே மனிதர், ஒரு காகித ஓரம் விரலைக் கீறிய அன்று, தடுப்பூசி போட்டுக்கொள்ள அரை நாள் லீவு எடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் எத்தனை கைகள் போயிருக்கின்றன, எத்தனை நுரையீரல்கள் கெட்டிருக்கின்றன, ஆபத்துக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு ஒருவர் சொன்ன இந்த இரண்டு வார்த்தையால்? அதைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். நாம் மீன்களைப் பற்றிப் பேசுவோம்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அவருடையது அல்ல, மனைவியுடையது. மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். தொட்டியில் நாலைந்து பொன்மீன்கள். அவற்றில் மூத்ததும் பெருத்ததும் ஒன்று உண்டு. கடைக்காரர் பிழைக்காது என்று கழித்துப்போட்டதை வாங்கிவந்து, மனைவி வளர்த்து ஆளாக்கியது. அதற்கு அவர் வைத்த பெயர் நீதிபதி. எப்போதும் வாயைத் திறந்து திறந்து மூடும். தீர்ப்பு மட்டும் வராது. வேலை முடிந்து களைத்து வருகிற மனைவி, செருப்பைக் கழற்றியதும் முதலில் போய் நிற்பது நீதிபதியின் முன்னால்தான்.

வாரம் ஒருமுறை மனைவி தண்ணீர் மாற்றுவார். தொட்டியிலிருந்து கால்வாசி எடுப்பார். வாளியில் புதுத் தண்ணீர் பிடித்து, அதில் ஆன்டி குளோரின் என்று மீன் கடையில் விற்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, ஒரு கையைத் தொட்டியிலும் ஒரு கையை வாளியிலும் வைத்து, இரண்டும் ஒரே சூடா என்று பார்த்த பிறகுதான் மெதுவாக ஊற்றுவார். நம் ஆசாமி சோபாவில் சாய்ந்தபடி இதை ரசிப்பார். தான் பெரிய பகுத்தறிவுவாதி என்று அவருக்கு நினைப்பு.

“என்னம்மா சடங்கு இது. நாம குடிக்கிற தண்ணிதானே?”

“நாம குடிக்கிறோம். மீன் அதுலதான் மூச்சே விடுது.”

“அதனால?”

“கிருமி சாகறதுக்குக் குழாய்த் தண்ணியில மருந்து கலக்கறாங்க. நம்ம வயித்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மீனோட செவுளுல பட்டா நெருப்பு.”

“ராத்திரி வாளியில பிடிச்சு வெச்சா காலையில தானாப் போயிடும். எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதான் பண்றாங்க.”

“அது பழைய மருந்துங்க. நம்ம குழாய்ல இப்ப வர்றது வேற, நாள் கணக்கா வெச்சாலும் போகாது. சொட்டு விட்டுத்தான் ஆகணும்.”

சடங்கு செய்கிறவரிடம் காரணம் கேட்டால் கோபம் வரும். இங்கே காரணம் வந்தது. வித்தியாசம் அவருக்குப் புரியவில்லை. புன்னகையோடு சேனலை மாற்றினார்.

மனைவியின் தங்கைக்கு வெளியூரில் பிரசவம் ஆயிற்று. மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: “ஏங்க, தண்ணி மட்டும் மாத்தாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன். மாத்தியே ஆகணும்னா கால்வாசி, அதுலயும் சொட்டு மருந்து...”

“நீ நிம்மதியாப் போயிட்டு வாம்மா. ஒண்ணும் ஆகாது.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குப் பொழுது போகவில்லை. தொட்டி லேசாக மங்கியிருப்பதாகப் பட்டது. மனைவி திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று ஓர் ஆசை. கெட்ட மனிதர் இல்லை பாருங்கள், இந்த இனத்தில் கெட்டவர்கள் குறைவு, அதனால்தான் இத்தனை ஆபத்து. மீன்களை ஒரு பாத்திரத்தில் தூக்கிப் போட்டார். தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டினார். கற்களைத் தேய்த்தார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல கிருமிகள் குடியிருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, வெளுத்துப்போகும் வரை பிழிந்து பிழிந்து அலசினார். காற்றுக் குமிழி விடுகிற மோட்டார் இரைகிறது என்று அதை நிறுத்தினார். பிறகு குழாயிலிருந்து நேராக ஒரு டியூபை இழுத்து, தொட்டி ததும்பும் வரை விட்டார். கால்வாசியாம், சொட்டாம், சூடாம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மீன்களை உள்ளே விட்டதும் அவை இப்படியும் அப்படியும் பாய்ந்தன. உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடின. நன்றி சொல்கின்றன என்று எடுத்துக்கொண்டார். நெஞ்சு நெகிழ்ந்து ஒரு கை தீனியும் போட்டார். யாரும் தொடவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். எதையும் இப்படித் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவருக்குக் கண் இருந்து என்ன பயன்?

மனைவிக்கு வீடியோ கால் போட்டார். திரையில், மடியில் பிஞ்சுக் குழந்தையோடு மனைவி.

“இங்க பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. எல்லாம் மேல வந்து எங்கிட்ட பேசுதுங்க. நீ இருக்கும்போது இப்படி வந்திருக்கா?”

மனைவியின் முகம் மாறியது. “என்னங்க பண்ணுனீங்க? அது பேசலைங்க. மூச்சு முட்டுது.”

படுக்கையிலிருந்து தங்கையின் குரல் கேட்டது: “அக்கா, மாமா இங்க வந்தா குழந்தையைக் குளிப்பாட்ட மட்டும் குடுத்துடாத.”

“பதறாதீங்க ரெண்டு பேரும். புதுத் தண்ணி. கொஞ்ச நேரத்துல பழகிடும்.”

“பழகாது. செத்துடும். நீதிபதி எங்க? போனைக் கீழ கொண்டுபோங்க.”

கீழே கொண்டுபோனார். நீதிபதி தொட்டியின் மூலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. செவுள் சிவந்து படபடத்தது. அதை நன்றி என்று எடுத்துக்கொள்ள அவராலும் முடியவில்லை.

“டிவிக்குப் பின்னால மருந்து பாட்டில் இருக்கு. எடுங்க. மொதல்ல மோட்டாரைப் போடுங்க.”

மோட்டாரைப் போட்டார். பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார்.

“எத்தனை சொட்டு?”

“சொட்டு இல்லை. முழுத் தொட்டிக்கும் சேத்து ஒரு மூடி. நேரா தொட்டியில ஊத்துங்க.”

“ஒரு மூடியா? கெமிக்கல் ஆச்சே இது. ஏதாவது ஆயிடுமோ?”

கவனித்தீர்களா? விஷத்தை டியூப் வைத்து விட்டபோது எழாத சந்தேகம், முறிவு மருந்தை ஊற்றும்போது எழுகிறது. இந்த இனத்துக்கு நோய் மேல் இருக்கிற நம்பிக்கை மருந்தின் மேல் கிடையாது.

“கல்யாணமான இத்தனை வருஷத்துல இப்பத்தான் இப்படி ஒரு கேள்வி கேக்கறீங்க,” என்றார் மனைவி. “ஊத்துங்க.”

ஊற்றினார். கையால் மெதுவாகக் கலக்கினார். அந்தப் பக்கம் குழந்தை அழுதது. மனைவி குனிந்து பார்க்காமலே தட்டிக்கொடுத்துக்கொண்டு திரையையே பார்த்தார். இந்தப் பக்கம் ஆசாமி தரையில் மண்டியிட்டு, மூக்கு தொட்டியின் கண்ணாடியில் படுகிற மாதிரி நீதிபதியையே பார்த்தார். மனைவி வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றியதும் இந்த இடத்தில் வந்து நிற்பது அவர் நினைவுக்கு வந்தது. வெறும் தொட்டி முன்னால் வந்து நின்றால் என்ன சொல்வது என்று யோசித்தார். அந்தச் சில நிமிடங்கள் அவர் அந்த இனத்திலிருந்து விலகி, மனிதராக இருந்தார்.

சின்ன மீன்கள் முதலில் இறங்கின. பிறகு நீதிபதியின் வால் ஒருமுறை அசைந்தது. இன்னொரு முறை. சாய்ந்த உடம்பு தள்ளாடி நிமிர்ந்தது. தொட்டியின் நடுவுக்கு வந்து, எப்போதும்போல் நிதானமாக வாயைத் திறந்து மூடியது.

மனைவி நீளமாக ஒரு மூச்சு விட்டார். தங்கை ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

ஆசாமி எழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். மனிதராக இருந்தது போதும் என்று பட்டிருக்க வேண்டும்.

“பாத்தியா? நான்தான் அப்பவே சொன்னேனே. ஒண்ணும் ஆகலை.”

மறுநாள் தொழிற்சாலையில், முழுத் தண்ணீரையும் ஒரே மூச்சில் மாற்றியும் தன் மீன்கள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பதை நாலு பேருக்குச் சொன்னார். மருந்து பாட்டில் அந்தக் கதையில் வரவில்லை. அலசிய ஸ்பாஞ்சில் நல்ல கிருமிகள் திரும்பக் குடியேறும் வரை, தினமும் மனைவி போனில் உட்கார்ந்து, மருந்து கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கையாலேயே மாற்றவைத்ததும் வரவில்லை. நடக்கவிருந்ததை ஒருவர் நடக்காமல் செய்துவிட்டால், செய்தவர் கையில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் இவர் தூக்கிக்கொண்டுபோய்ச் சாட்சி சொல்ல வைக்கிறார்.

இதைப் படித்துவிட்டு மைத்துனரையோ மேலதிகாரியையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுவிடுகிறேன். குடும்பத்தோடு வெளியே கிளம்பும்போது நீங்கள்தானே கடைசியாக வீட்டைப் பூட்டுகிறீர்கள்? பூட்டி முடித்ததும், “ஒரு நிமிஷம் இருங்க” என்று உங்கள் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு ஒருவர் திரும்ப உள்ளே அடுப்படி வரை போய்வருகிறார் இல்லையா? எதற்குப் போகிறார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?