பின்னலக்காவின் சட்டம்

பாத்திரம் கழுவும் துணியை வைத்து ஆட்சி நடத்தியவர் இந்த உலகத்திலேயே பின்னலக்கா ஒருவர்தான். மாத்தளையில் அவருடைய போர்டிங்கில் தங்கியிருந்த எங்களில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. வேலை முடிந்து வந்த களைப்பில் கேட்கத் தெம்பும் இருக்காது.

புதிதாக யார் வந்தாலும் கைக்குச் சாவி வருவதற்கு முன் துணி வரும். தடித்த பருத்தி நூலில், இரண்டு ஊசிகளால் அக்காவே பின்னியது. ஒரு நூல்கண்ணி முன்பக்கம், அடுத்தது பின்பக்கம், மேல் வரிசையில் அதையே மாற்றி. துணி முழுக்கச் சின்னச் சின்னப் புடைப்புகள். கூடவே சட்டமும் வரும்.

"இதுல ஓட்ட விழுந்தாத்தான் நீ இங்கருந்து போகலாம் புள்ள."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கண்ணி எண்ணும்போது அக்காவிடம் பேசக் கூடாது. ஒருநாள் பக்கத்து அறை சுமதி, "அக்கா, அடுப்புல சோறு..." என்று ஓடி வந்தாள். அக்கா ஊசியை உயர்த்தி அவளை நிறுத்தினார். வரிசை முடிந்தது. சோறும் முடிந்தது. கரிபிடித்த சட்டியை அவள் கையிலேயே கொடுத்து, "இதுக்குத்தான்டி புடைப்பு வச்சிப் பின்னுறது. தேய்" என்றார்.

எனக்குக் கண்டிக்கு இடமாற்றம் வந்தபோதுதான் சட்டத்தின் பாரம் புரிந்தது. காலையில் பஸ்ஸில் நின்றபடி போய், மாலையில் நின்றபடி வருவேன். கண்டியில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தேன். மாத முடிவுக்குள் போகாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"முடியலக்கா. இந்த மாசத்தோட போறேனே?"

"போ. யாரு வேணாங்கிறா? துணியக் கொண்டா பாப்போம்." வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புதுசாட்டம் இருக்கு."

எதிர்த்துப் பேசும் சக்தி எனக்கு இல்லை. எல்லோருடைய சட்டியையும் கேட்டு வாங்கித் தேய்த்தேன். அம்மிக்கல்லைத் தேய்த்தேன். சமைக்கிற குசினியின் படியைத் தேய்த்தேன். வீடு பளபளத்தது, நான்தான் தேய்ந்து போனேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை! துணியைக் கொடியில் காயப்போட்டுவிட்டு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

திரும்பி வந்தால் ஓட்டையைக் காணவில்லை. அதே நூல், அதே புடைப்பு. எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"அக்கா! நீங்களா இதப் பின்னுனீங்க?"

அக்கா தலை நிமிரவில்லை. கண்ணி எண்ணுவதுபோல் உதடு மட்டும் அசைந்தது. ஆனால் மடியில் நூலும் இல்லை, ஊசியும் இல்லை.

கத்த வந்தவள் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நான் போவது ஒருவருக்கு இவ்வளவு வலிக்கும் என்று நினைத்ததே இல்லை. அக்கா துணியை வாங்கி மடித்து, திரும்ப என் மடியில் வைத்தார்.

"சரி, போயிட்டு வா. துணியையும் எடுத்துக்க. ஓட்ட விழுந்தா இங்க கொண்டா, நான் பின்னித் தாறேன்."

இப்போது கண்டியில்தான் இருக்கிறேன். பஸ் இல்லை, களைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்றுப் பாத்திரம் கழுவும்போது பார்த்தேன், துணியில் ஒரே ஒரு கண்ணி அறுந்திருந்தது. இதையெல்லாம் ஓட்டை என்று அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். சனிக்கிழமை மாத்தளைக்குப் போகிறேன். பஸ்ஸில் நின்றபடியே விரலை விட்டு அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்வேன்.