சாமி தூக்குகிறவர்களுக்கு ஒரு சொம்பு புரோட்டீன்

உடம்பைத் தேற்றுகிறேன் என்று கிளம்புகிறவன் தன் உடம்போடு நிறுத்திக்கொண்டால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. அடுத்தவர் உடம்பையும் சேர்த்துத் தேற்ற ஆரம்பிக்கும்போதுதான் வினை. நான் தேற்றியது, எங்கள் குப்பத்தில் அம்மனைத் தூக்குகிற அத்தனை பேரின் உடம்பையும். அதுவும் மாசிமகத்தன்று. இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

உப்பளத்தை ஒட்டிய மீனவக் குப்பம் எங்களுடையது. நான் கடலுக்குப் போனவனில்லை. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போடுகிறவன். (நான் தூக்கியதிலேயே கனமான சாமான், சாப்பாட்டுத் தட்டு.) அப்பாதான் பல வருஷமாக அம்மன் பல்லக்கின் முன்தண்டைப் பிடித்தவர். வலை இழுத்து இழுத்து அவருக்குத் தோள்பட்டை போய்விட்டது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு இனி யார் என்று கோயிலில் கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், பிறகு, "பாபு புடிப்பான்" என்றார். நடுவில் வந்த அந்த யோசனைதான் என்னை லாஸ்பேட்டை ஜிம்மில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஜிம் மாஸ்டர் பட்டாணியில் செய்த புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார். பின்பக்கத்தைப் படித்தேன். பட்டாணி, சோயா, பூசணி விதை என்று போட்டிருந்தது. இதெல்லாம் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறதே என்று நினைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ஊரில் சாமி தூக்குகிறவர்கள் காப்புக் கட்டிவிட்டால் மீனைத் தொடமாட்டார்கள். மீன் தின்றே வளர்ந்த தோள்களுக்கு, பாரம் தூக்கப்போகிற நேரம் பார்த்து ரசமும் அப்பளமும். புரோட்டீனுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? செடியில் விளைகிற புரோட்டீனுக்கு விரதத்தில் தடையே இல்லையே! உலகத்தில் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று தலைகால் புரியவில்லை.

சோயா, பட்டாணி, கொள்ளு, மொச்சை எல்லாவற்றையும் மாவு மில்லில் கொடுத்து நைசாக அரைத்து வந்தேன். அம்மா பையை முகர்ந்து பார்த்துவிட்டு, "வறுக்கலியாடா? பச்ச வாட அடிக்குதே" என்றாள். சூடு பட்டால் சத்து போய்விடும் என்று அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். (எங்கேயோ பார்த்த வீடியோவில் எவனோ சொன்னது.) படித்த பிள்ளை சொல்கிறான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாசிமகத்தன்று காலையில் கோயில் வாசலில் அண்டா வைத்து, மாவைப் பனைவெல்லத் தண்ணீரில் கரைத்து, தண்டு பிடிக்கிற எல்லாருக்கும் நானே மொண்டு கொடுத்தேன். அவர்களுக்குத் தலைவரான காசி மாமா ஒரு சொம்பு குடித்துவிட்டு, "நல்லாத்தான் கீது மாப்ள" என்று இன்னொரு சொம்பு கேட்டார். நானும் அவருக்குச் சமமாகக் குடித்தேன்.

கோயிலில் தோளில் ஏற்றினால், கடல் தண்ணீரில் கால் நனைகிற வரை அம்மனைக் கீழே வைக்கக் கூடாது. அதுதான் எங்கள் குப்பத்து வழக்கம். வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பாதி தூரம்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்பா பல்லக்குக்கு முன்னால் நடந்தார். நடுநடுவே திரும்பி என்னைப் பார்த்தார். மார்க்கெட்டில் மீன் விற்கிற என் அக்கா செல்வி, கூட விற்கிற பெண்களோடு தட்டு எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அவ்வளவு பெருமையாக நான் நடந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் என் வயிற்றுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். பின்னால் காசி மாமா முனகுவது கேட்டது. மேளம் பலமாக இருந்ததால் ஆரம்பத்தில் நடந்தவை ஊருக்குத் தெரியவில்லை. ஒரு தெருமுனையில் நாதஸ்வரக்காரர் சோடா குடிக்க நிறுத்தினார், மேளமும் நின்றது. முன்தண்டிலிருந்து பின்தண்டு வரைக்கும் வரிசையாகக் கேட்டது. கற்பூரத்தட்டோடு பக்கத்தில் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். பந்தோபஸ்துக்கு வந்த சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் வானத்தைப் பார்த்தார்.

"மேளத்த வாசிக்கச் சொல்லுங்கடா" என்றார் காசி மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

தண்டை முதலில் விட்டவன் நான்தான். பல்லக்கு என் பக்கமாகச் சாய்ந்ததையும், அம்மன் கழுத்து மாலை அசைந்ததையும், அப்பா திரும்பியதையும் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன். கதவு திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். நெற்றி நிறையச் சந்தனமும் கழுத்தில் மாலையுமாக நின்ற என்னைப் பார்த்து அந்த வீட்டம்மா கைகூப்பிக் கும்பிட்டார். நான் கழிவறை எங்கே என்று கேட்டேன்.

உள்ளே இருந்தபோது வெளியே மேளம் நின்று கூச்சல் எழுந்தது. என்னால் அம்மனைத் தெருவில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அழுதேன். எங்கே உட்கார்ந்து அழுதேன் என்பதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

கதவைத் திறந்தால் காசி மாமாவும் அவர் பின்னால் தண்டு பிடித்தவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். "மாமா, அப்ப பல்லக்கு?"

"ஒங்க அக்காவும் மார்க்கெட்டு பொம்பளைங்களும் தோள் குடுத்துட்டாளுங்க. நவுரு."

கடற்கரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அம்மன் தண்ணீரில் இருந்தாள். அப்பாவின் இடத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், புடவையை இழுத்துச் செருகி, முழங்கால் வரை அலையில். வழியில் ஓர் இடத்திலும் கீழே வைக்கவில்லையாம். அப்பா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"வயிறு இப்ப எப்புடிடா கீது?" என்றார்.

திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு லேசாகச் சத்தம் போட்டால், அக்கா மகள் உடனே, "மேளத்த வாசிக்கச் சொல்லுங்க" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். முன்தண்டில் அப்பாவின் இடம் அக்காவுக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் கேட்டபோது அப்பா யோசிக்காமலேயே அவள் பெயரைச் சொன்னார். எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். மாசிமகம் தோறும் கோயில் வாசலில் அக்கா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுப்பாள்.

"இத்த மட்டும் புடிச்சிக்கடா. கீழ வச்சாலும் பரவால்ல."