முதுகு மட்டும் போதும்

"பாட்டுல வர்ற பொண்ணுக்கு முகமே தெரியக் கூடாது" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

போட்டோ ஸ்டூடியோக்காரர் கேமராவைக் கீழே வைத்தார். அவர் இயக்கப்போகும் முதல் மியூசிக் வீடியோ இது. "முகம் இல்லாம எப்படிங்க? பேய்ப் படமா எடுக்கறோம்?"

"முதுகு மட்டும் போதும்."

சுவரோரம் உட்கார்ந்து உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டிருந்த நடனப் பள்ளிப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "முதுகு காட்டறதுக்கு ரெண்டு பஸ் மாறி வந்தேனா நான்?" என்று கேட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அவள் முதுகு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஸ்டூடியோக்காரர் பெருமூச்சு விட்டார்.

'நாலாவது மாடி' என்பது அந்த ராக் பேண்டின் பெயர். அதில் மூன்றே பேர். லிஃப்ட் மெக்கானிக் கிட்டார். வேதியியல் வாத்தியார் பாட்டு. கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஊசி டிரம்ஸ். ஆள் அவ்வளவு ஒல்லி. பதினோரு வருடமாக அடுத்தவர்கள் பாட்டையே வாசித்துக்கொண்டிருந்தவர்கள், இப்போதுதான் முதல் தடவையாகச் சொந்தப் பாட்டு ஒன்றை வெளியிடப் போகிறார்கள். எழுதியவர் மெக்கானிக்.

எழுத வைத்தவர் அவர் மனைவி.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமைக் காலை. மெக்கானிக் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் சொல்றது காதுல விழுதா?"

"ம்."

"நான் பேசும்போது ஒரு தடவையாவது திரும்பிப் பாத்திருக்கீங்களா?"

"ம்."

"நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். கூப்பிட வராதீங்க."

"ம்."

மூன்றாவது தந்தி ஒரு வழியாகச் சுருதிக்கு வந்து அவர் தலை நிமிர்ந்தபோது வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும்தான் இருந்தது.

அன்று முதல் அவர் கட்டிலில் தன் பாதியில்தான் படுத்தார். காலையில் கை தானாக இரண்டு டம்ளரை எடுத்து வைக்கும். அப்புறம் ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கும். குளியலறையில் அவள் விட்டுப்போன ஷாம்பு பாட்டிலில் அடியில் கொஞ்சம் இருந்தது. அவர் அதை உபயோகிப்பதில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். கூப்பிட வராதே என்று சொன்னவளைக் கூப்பிட வேறு வழி தெரியாமல்தான் பாட்டு எழுதினார்.

"ஒரு தடவை திரும்பிப் பாரு,
நின்ன இடத்துலயே நிக்கிறேன்."

அந்தப் பாட்டுக்கு எடுக்கும் வீடியோவில் இன்னொரு பெண்ணின் முகம் தெரிந்தால் மனைவி என்ன நினைப்பாள்? அதனால்தான் முதுகு.

"உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் நடக்கச் சொல்லேன்" என்று அன்று சாயங்காலம் ஒத்திகையில் மெக்கானிக் வாத்தியாரைக் கேட்டார்.

வாத்தியார் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"புருஷனை விட்டுட்டுப் போற மாதிரி நடிக்கணுமா?" என்றது குரல். "நடிச்சுடுவேன். அப்புறம் அதே பழக்கமாயிட்டா பரவாயில்லையா?"

வாத்தியார் போனை அணைத்துவிட்டார்.

இருவர் பார்வையும் ஊசியின் மேல் போய் நின்றது.

"டேய், வேண்டாம்டா" என்றான் ஊசி.

"நம்ம மூணு பேர்ல உனக்குத்தான் இடுப்புன்னு ஒண்ணு இருக்கு" என்றார் வாத்தியார்.

மெக்கானிக் தன் மனைவி விட்டுப்போன பச்சைக் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு, தான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போனார். அங்கே பியூட்டி பார்லர் வைத்திருந்தவள் அவர் மனைவியின் தோழி. ஐந்து மாதமாக அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவள். அவர் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொல்லி, ஊசிக்கு ஒரு விக் வைத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

"பாட்டு யாருக்கு எழுதினது, அண்ணா?"

"வேற யாருக்கு எழுதப் போறேன்?"

அவள் கோட்டை வாங்கிக்கொண்டு, அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை காலையில நானே கூட்டிட்டு வரேன்."

மெக்கானிக் லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடிக் கார் நிறுத்தத்தில் படப்பிடிப்பு. வண்டிகள் மேலே வராமல் தடுக்க வாத்தியார் கீழே நின்றார். ஸ்டூடியோக்காரர் வந்ததும் வராததுமாக மெக்கானிக்கின் கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ராக் ஸ்டார் எங்கயாவது சோடாபுட்டி போடுவானா?"

"அது இல்லாம எனக்குப் பத்தடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெறும் கலருங்க."

"கலர் தெரிஞ்சாப் போதும். வாசிங்க."

லிஃப்ட் கதவு திறந்தது. பச்சையாக ஏதோ ஒன்று வெளியே வந்து தூரத்தில் நின்றது.

"அண்ணா, வந்தாச்சு!" பார்லர்காரியின் குரல். "கிட்ட வந்து ஒரு தடவை பாத்துடுங்களேன்?"

"எதுக்கு? எத்தனை வருஷமாப் பாக்கறேன் அந்த மூஞ்சியை! ஆரம்பிக்கச் சொல்லுங்க."

ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. மெக்கானிக் கிட்டாரை வாசித்தார். பச்சை நிறம் மெல்ல நடந்து விலகியது. 'திரும்பிப் பாரு' என்ற இடம் வந்ததும் அது தயங்கியது. நின்றது. திரும்ப ஆரம்பித்தது.

"திரும்பாதே!" என்று மெக்கானிக் அலறினார். "மூஞ்சியைக் காட்டாதே!"

இரண்டாவது தடவையும் அதே இடத்தில் அதே கதை. இந்த முறை அவர் கிட்டாரையே நிறுத்திவிட்டார். "எத்தனை தடவை சொல்றது? திரும்பாம போனாப் போதும்!"

"அண்ணா, நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள் பார்லர்காரி.

"வெயில் போயிடும்மா! நடக்கச் சொல்லுங்க!"

மூன்றாவது தடவை அது நின்றது. வெகுநேரம் நின்றது. கழுத்து லேசாகச் சாய்ந்து, பின் நேரானது.

"தோள் குலுங்குது" என்றார் ஸ்டூடியோக்காரர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சிரிப்பு வந்திருக்கும். சிரிச்சது போதும், போகச் சொல்லுங்க!"

போய்விட்டது. லிஃப்ட் கதவு மூடியது. ஸ்டூடியோக்காரர் கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஊசியை அவர் அதுவரை பார்த்ததே கிடையாது. "யாருங்க அந்த ஊசி? முதுகாலயே அழ வைக்கறானே! அடுத்த வாரம் டிரம்ஸ் எடுக்கறப்ப அவன் கையைப் பிடிச்சுக் குலுக்கணும்."

குலுக்கவும் செய்தார். ஊசி தரையைப் பார்த்துக்கொண்டு, "அதை விடுங்க சார்" என்றான். அடக்கம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

வீடியோ வெளிவந்த காலையில் மெக்கானிக் அதை முதலில் மனைவிக்கு அனுப்பினார். கூடவே ஏதாவது எழுத நினைத்து, எழுதி, அழித்து, கடைசியில் வெறும் லிங்க்கை மட்டும் அனுப்பினார். இரண்டு நீலக் குறி விழுந்தது. பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஊரெல்லாம் பதில் வந்தது. மூன்றே நாளில் லட்சம் பேர் பார்த்தார்கள். 'அந்த முதுகைப் பார்த்து என் முன்னாள் காதலிக்குப் போன் பண்ணிவிட்டேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏதோ ஓர் இணைய சேனலில் வாத்தியாரைப் பேட்டி எடுத்தார்கள். யார் அந்தப் பெண் என்று கேட்டார்கள். வகுப்பில் கூட இவ்வளவு பேர் தன் பேச்சைக் கவனித்ததில்லை என்ற மயக்கத்தில் வாத்தியார் உளறிவிட்டார்.

"பொண்ணா? எங்க டிரம்மருங்க அது!"

அவ்வளவுதான். அழுதவர்கள் எல்லாம் சிரித்தார்கள். விக் வைத்த ஆண்கள் மொட்டைமாடிகளில் திரும்பிப் பார்க்காமல் நடந்து வீடியோ போட்டார்கள். கூரியர் கொடுக்கப்போன வீடுகளில் எல்லாம் ஊசியைத் திரும்பி நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மெக்கானிக்கால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவள் விட்டுப்போனதை வைத்து ஊரே சிரிக்கிறது. ஆம்பளைக்குத் தன் கோட்டை மாட்டிக் கேலி செய்துவிட்டார் என்றுதானே நினைப்பாள்?

வேலை நேரத்தில், ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு அவர் எழுதினார்: 'சத்தியமா கேலி இல்லை. முகம் தெரியக் கூடாதுன்னுதான் ஊசியை நடக்க வெச்சேன். உன் கோட்டை அவனுக்குப் போட்டது என் தப்பு. அங்க நடந்தது வெறும் ஊசிதான்னு நீ நம்பணும்.'

நீலக் குறி உடனே விழுந்தது. அவள் போன பிறகு முதல் தடவையாக, 'டைப் செய்கிறார்' என்று திரையில் வந்தது. அது மறைந்தது. மறுபடி வந்தது. மறைந்தது.

"யோவ், லிஃப்ட் வருமா வராதா?" என்று ஆறாவது மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"வரும், வரும்" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே. எதுவும் வரவில்லை.

சாயங்காலம் துணிந்து மனைவியின் அக்காவுக்குப் போன் செய்தார்.

"என்ன தம்பி அனுப்பினீங்க அவளுக்கு?" என்றார் அக்கா. "தினம் அந்த வீடியோவைத்தான் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தா. இன்னிக்கு உங்க மெசேஜைப் பாத்தா, சிரிச்சா. அப்புறம் அழுதா. திரும்பச் சிரிச்சா. எனக்கே பயமாப் போச்சு."

"ஏதாவது சொன்னாளா, அக்கா?"

"'அந்த ஆளுக்குக் கண்ணாடி எங்க?'ன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியலை."

அவருக்கும் புரியவில்லை. கோபம் தலைக்கேறிவிட்டது என்று மட்டும் முடிவு செய்துகொண்டார். இனி அவளிடம் தனக்காகப் பேச ஒருத்திதான் பாக்கி. படியிறங்கி நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனார்.

பார்லர்காரி சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா" என்றார் மெக்கானிக். "நான் கேலி பண்ணலைன்னு சொல்லுங்க. அந்தப் பாட்டுல ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லைன்னு சொல்லுங்க. அங்க நடந்தது ஊசின்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?"

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள். அவள் முகத்தில் பழைய கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது.

"ஊசி அன்னிக்கு வரவே இல்லை, அண்ணா, நான்தான் அவனை வாயைத் திறக்காதேன்னு சொல்லிவெச்சேன், அந்தக் கோட்டைப் போட்டு நடந்தது உங்க பொண்டாட்டிதான், மூணு தடவையும் அவ திரும்பத்தான் பாத்தா."